‘துணைப்பொருள்’ என்னும் சொல்: ஓரல் டூரினபோலின் வரலாறு

கிழக்கு ஜெர்மனியின் விளையாட்டு மருத்துவக் கோப்புகளில் ஊக்கமருந்துக்கு வழங்கிய அலுவல்பெயர் ‘உன்டர்ஷ்டூட்ஸெண்டே மிட்டெல்’ என்பது. ‘துணைசெய்யும் பொருள்கள்’ என்று அதனைத் தமிழாக்கலாம். காலப்போக்கில் அது ‘ஊ.எம்.’ என இரண்டெழுத்தாய்ச் சுருங்கிற்று. ஒரு மருந்தை அதன் ஆபத்திலிருந்து பிரித்துக் காட்ட அச்சொல் எவ்வாறு பயன்பட்டது என்பதை மொழி பயில்வோரும் அறிந்துகொள்ள வேண்டும்.

அச்சொல் சுட்டியவற்றுள் முதன்மையானது, யேனா நகரின் யேனாஃபார்ம் நிறுவனம் 1960களில் சந்தைக்குக் கொணர்ந்த ஓரல் டூரினபோல் என்னும் செயற்கை அனபாலிக் ஸ்டீராய்டு. டெஸ்டோஸ்டிரோனை விழுங்கினால் கல்லீரல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதனைத் தடுக்க 17ஆம் கார்பனில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தனர். 4ஆம் கார்பனில் சேர்த்த குளோரின் அணு, அது ஈஸ்ட்ரோஜனாக மாறுவதைத் தடுத்தது. நெடுநோயாலும் அறுவைச் சிகிச்சையாலும் உடல் மெலிந்தோர்க்குத் தசையை மீட்டுத்தர உதவியதால், மருத்துவத்தில் அதற்கு நியாயமான இடம் இருந்தது. ஆயினும் மாத்திரையைச் சாத்தியமாக்கிய அதே மெத்தில் தொகுதிதான் கல்லீரலுக்குச் சுமையுமாயிற்று. பெண்களுக்கு மாதவிடாய் தடைப்படும், முகத்தில் மயிர் வளரும், குரல் தடிக்கும். மருந்தை நிறுத்தினாலும் தடித்த குரல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

1974இல் ‘அரசுத் திட்டம் 14.25’ இம்மருந்துப் பயன்பாட்டை அரசின் மையக் கட்டுப்பாட்டில் கொணர்ந்தது. பதின்வயதுச் சிறுமியர் பலருக்கு நீலநிற மாத்திரைகள் ‘வைட்டமின்’ என்ற பெயரில் தரப்பட்டன. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் நீச்சலின் 13 போட்டிகளில் 11இல் அந்நாடு தங்கம் வென்றது. தீங்கை அதிகாரிகள் அறியாதவர்களல்லர். விளையாட்டு மருத்துவ அதிகாரி மான்ஃபிரெட் ஹோப்னர், வீராங்கனையரிடம் தோன்றிய உடல் மாற்றங்களை இரகசியக் காவல்துறைக்கு எழுத்து வடிவிலேயே அறிவித்திருந்தார். கோப்பு அறிந்திருந்ததை மாத்திரையை விழுங்கியவர் அறியவில்லை.

ஜெர்மனி ஒன்றிணைந்தபின் உயிரியலாளர் வெர்னர் ஃபிராங்கேயும் முன்னாள் தடகள வீராங்கனை பிரிகிட்டே பெரன்டோங்கும் அவ்வாவணங்களைத் தேடியெடுத்தனர். 1991இல் பெரன்டோங்கின் நூல் வெளிவந்தது. 2000இல் பெர்லின் நீதிமன்றம் ஹோப்னரையும் விளையாட்டுத் துறைத் தலைவராயிருந்த மான்ஃபிரெட் ஏவால்டையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது; தண்டனை நிறுத்திவைக்கப்பட்ட சிறைவாசமே. பாதிக்கப்பட்டோர்க்கு உதவும் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது.

தண்டனை சிறிது என்பது உண்மை. ஆனால் ‘துணைப்பொருள்’ எனக் கோப்பிலும் ‘வைட்டமின்’ எனப் பயிற்சிக்கூடத்திலும் வழங்கியதை, நீதிமன்றம் ‘உடலுக்கு இழைத்த ஊறு’ என்ற சட்டப்பெயரால் அழைத்தது. ஆவணக்காப்பகத்தில் மென்மையானதொரு சொல்லைக் காணும் ஆய்வாளர், அம்மென்மை யாரைக் காத்தது, யாருடைய இசைவைப் பறித்தது என்றும் கேட்டறிதல் வேண்டும்.