விருந்தினன் ஏறும் குதிரை

மொங்கோலியப் புல்வெளியிலே குதிரைமீதேறிப் பத்து நாட்கள் திரிவதும், மேய்ப்பரின் வட்டக் கூடாரத்தில் தங்கி அவர் உண்பதையே உண்டு வாழ்வதும் இன்று விலைக்குக் கிடைக்கும் அநுபவங்களாகிவிட்டன. இவற்றை விற்போர், காலத்தால் மாறாத நாடோடி வாழ்வையே தாம் காட்டுவதாகக் கூறுவர். வரலாறு பயிலும் ஒருவர் இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. புல்வெளியைக் கடக்கும் அந்நியன் ஏறும் குதிரை எவருடையது, அதன் சுமை எவர் தலையில் விழுகின்றது என்னும் வினா அங்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் பழைமையானது. அதற்குக் கிடைத்த விடைகளோ காலத்துக்குக் காலம் மாறியே வந்துள்ளன.

1206இல் செங்கிஸ்கான் நிறுவிய பேரரசு விரிந்தபோது, அரச தூதுவர்கள் வழியிலுள்ள குடிகளிடம் குதிரையும் உணவும் பெற்றே சென்றனர். இதனாற் பயணமும் தாமதித்தது; மக்களும் துன்புற்றனர். 1229இல் அரியணையேறிய ஒகொதேய் இக்குறையை நீக்கவே அஞ்சல் நிலையங்களை ஒழுங்குபடுத்தினான் என்பது 'மொங்கோலரின் இரகசிய வரலாறு' என்னும் நூலாற் புலனாகின்றது. ஒர்த்தோ எனப்பட்ட இந்நிலையங்களில் மாற்றுக் குதிரைகள் ஆயத்தமாக நின்றன. 1246இல் கூயுக்கின் முடிசூட்டு விழாவைக் கண்ட கார்பினி என்னும் பாதிரியார் நாளொன்றிற் பலமுறை குதிரை மாற்றியே அவ்விடத்தை அடைந்தார். சில ஆண்டுகளின் பின் வந்த ருப்ருக் பாதிரியார் பருத்த உடலினர். அதனாற் தமக்கு எப்போதும் வலிய குதிரையே தரப்பட்டதென எழுதிவைத்துள்ளார். அக்குதிரையை வளர்த்தவன் என்ன நினைத்தான் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை!

சுமையைக் குறைக்க எழுந்த அமைப்பு விரைவிலேயே தானும் சுமையாயிற்று. அரச குதிரைகளில் வணிகரும் இலவசமாகச் சவாரி செய்யத் தலைப்பட்டனர். 1251இல் ஆட்சிக்கு வந்த மொங்கே அதனைத் தடைசெய்ய நேர்ந்தது. 1691இல் கல்கா மொங்கோலர் மஞ்சு அரசுக்குப் பணிந்த பின்னரும் ஒர்த்தோ முறை நீடித்தது. பயணஞ்செய்யும் அதிகாரிகளுக்குக் குதிரையும் கூடாரமும் உணவுக்கு ஆடும் அளிப்பது மேய்ப்பர் குடிகளின் கட்டாய ஊழியமாக இருந்தது. விருந்தோம்பல் என்று நாம் வியப்பதில் ஒரு பகுதி இவ்வாறு ஆணையினாற் பெறப்பட்டதே. எனினும் அனைத்தையும் கட்டாயம் என்று கொள்வதும் தவறாகும். குடியிருப்புகள் நெடுந்தொலைவிற் சிதறிக் கிடக்கும் குளிர்நாட்டில், இன்று வழிப்போக்கனை ஏற்பவன் நாளை தானும் வழிப்போக்கனாவான். அங்கே கதவைத் தட்டும் வழக்கமில்லை; 'நாயைப் பிடியுங்கள்' என்று தொலைவிலிருந்தே குரல் கொடுப்பர். உள்ளே வந்தவருக்குப் பால் கலந்த உப்புத் தேநீர் வந்துவிடும்.

1921ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் நிலைமை வேறாயிற்று. 1950களின் இறுதிக்குள் மேய்ப்பர்கள் கூட்டுறவுப் பண்ணைகளில் இணைக்கப்பட்டனர். 1954இல் தோன்றிய சூல்சின் என்னும் அரச நிறுவனமே உல்லாசப் பயணிகளைப் பொறுப்பேற்றது. பயணி அரசின் விருந்தினனானான். அரசு காட்ட விரும்பியதையே கண்டு திரும்பினான்.

1990இல் ஒரு கட்சி ஆட்சி முடிவுற்றதும், அடுத்த சில ஆண்டுகளிற் கால்நடைகள் தனியாருக்குப் பகிரப்பட்டன. 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு மேய்ச்சல் நிலத்தைத் தனியுடைமையாக்க இடமளிக்கவில்லை. ஆகவே மேய்ப்பனுக்குக் குதிரை சொந்தம்; புல் பொது. இந்நிலையிலேதான் இன்றைய குதிரைச் சவாரி விடுமுறை வளர்ந்தது. தெரெல்ஜ், ஓர்கோன் பள்ளத்தாக்கு, கொப்ஸ்கொல் ஏரிக்கரை ஆகிய இடங்களிற் கூடார விடுதிகள் பெருகின. கம்பனி பயணியை அழைத்து வருகின்றது. மேய்ப்பன் நாட்கூலிக்குக் குதிரையும் வழிகாட்டலும் தருகின்றான். பழைய ஒர்த்தோவையே பின்பற்றி 2009இலிருந்து நடைபெறும் மொங்கோல் டேர்பி என்னும் ஆயிரம் கிலோமீற்றர் ஓட்டத்தில், ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றருக்கு ஒருமுறை குதிரை மாற்றப்படுகின்றது.

குதிரை மாற்றுவதன் பொருள் வெறும் வேகம் அன்று. மொங்கோலியக் குதிரை குள்ளமானது, இலாயத்தில் அடைபடாதது, மாரியிலும் பனியைக் குளம்பாற் கிளறி அடியிலுள்ள புல்லைத் தானே தேடுவது. கோடையிலும் கூதிரிலும் உடலிற் சேரும் கொழுப்பே அதன் மாரிக்கால உயிர்ச்சேமிப்பு. ஆகவே மேய்ப்பன் ஒரே குதிரையில் நாள்தோறும் ஏறுவதில்லை. சிலவற்றைப் பிடித்து ஏறி, மற்றவற்றை மந்தையில் மேயவிடுவான். உல்லாசப் பயணியோ யூன் தொடங்கிச் செப்டெம்பர் வரையே வருகின்றான். குதிரை கொழுக்க வேண்டிய மாதங்களும், பெண்குதிரைகளிற் பால்கறந்து ஐராக் என்னும் புளித்த பானம் ஆக்கும் காலமும், மாரிக்கு வைக்கோல் சேர்க்கும் காலமும் அவையே. மாற்றுக் குதிரைக்குப் பணம் கொடாத பயணம், அடுத்த மாரிக்குரிய கொழுப்பைக் கோடையிலேயே செலவிட்டுவிடுகின்றது.

அம்மாரியின் கொடுமை சாதாரணமானதன்று. சூட் என மொங்கோலர் அஞ்சும் கடும்பனி 2009-2010இல் வந்தபோது 80 இலட்சத்துக்குக் குறையாத கால்நடைகள் மடிந்தன. 2023-2024இலும் பல இலட்சம் அழிந்தன. மந்தையை இழந்த குடும்பங்கள் பல தலைநகர் உலான்பாதாரின் விளிம்பிற் சென்று கூடாரமிட்டன. சவாரியாற் கிடைக்கும் பணம் இவ்விழப்பைத் தாங்க ஓரளவு உதவும் என்பதை மறுக்கலாகாது. ஆயின் 2020இல் தொற்றுநோயால் எல்லை மூடப்பட்டு 2022இன் தொடக்கம் வரை அந்நிலை நீடித்தபோது, அப்பணமும் நிலையற்றதென்பது வெளியாயிற்று. அக்காலத்தில் மேய்ப்பனைக் காத்தது மந்தையேயன்றி விடுதியன்று. எனவே கூலி பேசும்போது குதிரையின் ஓய்வுநாளுக்கும் விலை குறிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. ஒகொதேய் குடிகளின் சுமையைக் கணக்கிற் கொண்டானெனில், இன்றைய கம்பனி கொள்ளாதிருப்பதற்குக் காரணம் எதுவுமில்லை.

பயணிகள் தாம் ஏறிய குதிரையின் பெயரைக் கேட்பது வழக்கம். மொங்கோலர் பெரும்பாலும் குதிரைக்குப் பெயரிடுவதில்லை. மயிரின் நிறத்தாலேயே சுட்டுவர். அதற்கென நுணுக்கமான நிறச்சொற்கள் நூற்றுக்கணக்கில் அம்மொழியில் உள்ளன. செப்டெம்பர் முடிவில் விடுதிக் கூடாரங்கள் கழற்றப்பட்டதும், பயணி இட்டுப்போன பெயர் அங்கே நிலைப்பதில்லை. சேணம் நீங்கிய குதிரை மீண்டும் தன் நிறத்தின் பெயரோடு மந்தையிற் சேர்கின்றது. குடும்பம் மாரிக்கால இருப்பிடத்துக்குப் புறப்படுகின்றது.