ஒதுக்கி வைக்கப்பட்ட குடல் ஹார்மோன்



சென்ற பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தாயார், மகனின் தேர்ச்சி அறிக்கையைப் பற்றிப் பேசி முடித்த பின், குரலைத் தாழ்த்தி வேறொன்று கேட்டார். நீரிழிவுக்காகவும் உடல் எடைக்காகவும் வாரம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறாராம். "வாயைக் கட்டத் தெரியாமல் ஊசியைத் தேடிப் போகிறாள் என்று வீட்டிலேயே சொல்கிறார்கள், டீச்சர். எடை குறைந்ததும் நிறுத்திவிடலாமா?" என்றார். நான் மருத்துவம் பயின்றவள் அல்லள்; உங்கள் மருத்துவரைக் கேளுங்கள் அம்மா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. படித்துப் பார்த்தேன்.

அவர் போட்டுக்கொள்ளும் மருந்து டிர்செபடைடு. நீரிழிவுக்கு மவுஞ்சாரோ என்னும் வணிகப் பெயரில் வருவது. நம் குடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஐபி, ஜிஎல்பி-1 ஆகிய இரண்டு ஹார்மோன்களின் பணியை இந்த ஒரே மூலக்கூறு செய்கிறது. அவ்விரண்டில் ஒன்று, மருந்தாக உதவாது என்று பல்லாண்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதே என்னை வியப்பில் ஆழ்த்திய செய்தி.

கதை 1902ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்குகிறது. பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், உணவு முன்சிறுகுடலை அடைந்ததும் அங்கிருந்து ஒரு பொருள் குருதியில் கலந்து கணையத்தைச் சுரக்கத் தூண்டுகிறது என்று கண்டனர். 1905இல் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்று பெயரிட்டார். 'தூண்டுதல்' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. மறு ஆண்டே லிவர்பூலில் மூர் என்பவரும் அவருடைய குழுவினரும் குடலின் உட்சுவர்ச் சாற்றை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். இன்சுலின் கண்டறியப்படுவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன்பே இம்முயற்சி நடந்திருக்கிறது! பலன் நிலைக்கவில்லை. 1932இல் பெல்ஜியத்தின் லா பார், கணையத்தின் உட்சுரப்பைத் தூண்டும் குடற்பொருளுக்கு 'இன்கிரெட்டின்' என்று பெயர் சூட்டினார். பிறகு வந்த ஆய்வுகள் சாதகமாக அமையாததால் அக்கருத்து உறங்கிவிட்டது.

அதை எழுப்பியது 1964இல் நடந்த ஓர் எளிய ஒப்பீடு. அதற்குள் குருதியிலுள்ள இன்சுலினை அளக்கும் முறை வந்துவிட்டிருந்தது. குளுக்கோஸை வாய்வழி கொடுத்தால், நேரே நரம்பில் ஏற்றுவதைக் காட்டிலும் மிகுதியான இன்சுலின் சுரந்தது. அப்படியென்றால் சர்க்கரை வருகிறது என்று குடல்தான் கணையத்துக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறது.

அந்தத் தூதர்களுள் முதலில் அகப்பட்டது ஜிஐபி. கனடாவின் ஜான் பிரவுன் அதைப் பிரித்தெடுத்தார். 42 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. இரைப்பையின் அமிலச் சுரப்பைத் தடுக்கும் பொருள் என்ற கருத்தில்தான் முதலில் அதற்குப் பெயர் வைத்தனர். 1973இல் அது இன்சுலினைத் தூண்டுகிறது என்று தெரிந்தது. பின்னர், ஜிஐபி என்னும் சுருக்கம் மாறாதபடி விரிவை மட்டும் மாற்றிக்கொண்டனர். மொழி ஆசிரியையான எனக்கு இந்தச் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

இரண்டாவது தூதரான ஜிஎல்பி-1 எண்பதுகளில் வெளிப்பட்டது. போஸ்டனில் ஹேபனர், ஸ்வெட்லானா மொய்சோவ் ஆகியோரும் கோபன்ஹேகனில் ஹோல்ஸ்டும் 1987இல் அதன் ஆற்றலைக் காட்டினர். மொய்சோவின் பங்கு நெடுங்காலம் போதிய அளவு பேசப்படவில்லை. 2024இல்தான் ஹேபனர், டென்மார்க்கின் லோட்டே நுட்சன் ஆகியோருடன் லாஸ்கர் விருது பெற்றார்.

ஜிஐபிக்கு அடி விழுந்தது 1993இல். ஜெர்மனியின் நவுக் குழுவினர் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இரு ஹார்மோன்களையும் ஏற்றிப் பார்த்தபோது, ஜிஎல்பி-1 இன்சுலினைச் சுரக்கச் செய்தது. ஜிஐபி ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. 2002இல் ஜப்பானில் இன்னோர் அடி. ஜிஐபி ஏற்பி இல்லாத எலிகள் கொழுப்புணவு தின்றும் பருக்கவில்லை. ஜிஐபி உடலைப் பருக்கச் செய்வது, அதைத் தடுக்கத்தான் வேண்டும் என்று பலர் முடிவு கட்டினர். முதல் தேர்வில் தோற்ற பிள்ளையைக் கடைசி வகுப்புக்கு அனுப்பிவிட்டு மறந்துபோகும் நம் பழக்கம் நினைவுக்கு வந்தது.

ஜிஎல்பி-1க்கு மட்டும் சாலை திறந்தது. அது குருதியில் ஓரிரு நிமிடங்களே தங்கும் என்பதுதான் தடை. நியூயார்க்கில் ஜான் எங், கீலா மான்ஸ்டர் என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் அதைப் போன்ற, ஆனால் எளிதில் சிதையாத பெப்டைடைக் கண்டார். அதிலிருந்து பிறந்த எக்செனடைடு 2005இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாளுக்கு இரு ஊசி. 2010இல் நாளுக்கொரு ஊசியாக லிராகுளுடைடு, 2017இல் வாரத்துக்கொன்றாகச் செமாகுளுடைடு.

ஒதுக்கப்பட்டதை மீண்டும் கையில் எடுத்தவர்கள் அமெரிக்காவின் டிமார்க்கியும் ஜெர்மனியின் சோப்பும். ஒரே மூலக்கூறு இரண்டு ஏற்பிகளையும் தூண்டினால் தனி ஜிஎல்பி-1ஐ விட எலிகளில் எடை அதிகம் குறைகிறது என்று 2013இல் அவர்கள் குழு காட்டியது. எலி லில்லி நிறுவனத்தார் இதே வழியில் டிர்செபடைடை உருவாக்கி 2018இல் முதல் முடிவுகளை வெளியிட்டனர். 39 அமினோ அமிலங்கள். அவற்றோடு இணைத்த ஒரு கொழுப்பமிலச் சங்கிலி குருதிப் புரதத்தைப் பற்றிக்கொள்வதால், மருந்தில் பாதி குறையவே ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். 2022 மே மாதம் நீரிழிவுக்கும் 2023 நவம்பரில் உடல் பருமனுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நீரிழிவு இல்லாதவர்களிடம் 72 வாரங்கள் நடந்த ஆய்வில், மிகுந்த அளவு எடுத்தவர்கள் சராசரியாக 20.9 விழுக்காடு எடை இழந்தனர். நீரிழிவு உள்ளவர்களிடம் அது 14.7 விழுக்காடு. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை பலருக்கு வந்தன.

விந்தை என்னவென்றால், ஜிஐபி ஏற்பியைத் தடுத்து ஜிஎல்பி-1 ஏற்பியைத் தூண்டும் வேறொரு மருந்தும் ஆய்வுகளில் எடையைக் குறைத்திருக்கிறது. தூண்டினாலும் குறைகிறது, தடுத்தாலும் குறைகிறது! அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். நீரிழிவு இல்லாதவர்களிடம் நடந்து 2023 இறுதியில் வெளியான மற்றோர் ஆய்வில், 36 வாரங்கள் ஊசி போட்டு 20.9 விழுக்காடு இளைத்தவர்களை இரண்டாகப் பிரித்தனர். தொடர்ந்து போட்டவர்கள் அடுத்த 52 வாரங்களில் மேலும் 5.5 விழுக்காடு இழந்தனர். அறியாமலேயே வெற்று ஊசிக்கு மாற்றப்பட்டவர்களின் எடை 14 விழுக்காடு ஏறியது. அவர்களுக்கும் உணவு, உடற்பயிற்சி அறிவுரைகள் தொடர்ந்து கொடுக்கப்பட்டே வந்தன. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று சொல்லும் வீட்டார் இந்த ஒரு செய்தியையாவது படிக்க வேண்டும் என்று தோன்றியது.

அவருக்கு நீரிழிவும் இருப்பதால் தாமாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. இவ்வெண்களை ஒரு தாளில் எழ்தி, மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள் என்று மகனின் பையில் வைத்து அனுப்பியிருக்கிறேன்.