கவுன்டியின் கையைவிட்டுப் போன வரி

1978 ஜூன் 6ஆம் தேதி கலிபோர்னியா வாக்காளர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் சேர்ந்து தங்கள் மாநில அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். ‘முன்மொழிவு 13’ என்று அறியப்படும் அந்தத் திருத்தம் சொன்னது இவ்வளவுதான்: எந்தச் சொத்துக்கும் அதன் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் வரி கிடையாது. மதிப்பு 1975-76 கணக்குக்குப் பின்னே இழுக்கப்படும். அங்கிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் வரைதான் ஏறலாம். சொத்து கைமாறும்போதோ புதிதாகக் கட்டும்போதோ மட்டும் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு நடக்கும். இதை அமெரிக்க வலதுசாரி அலையின் முதல் முழக்கமாகவும், இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ரீகன் வெற்றிக்கு முன்னோட்டமாகவும் எழுதுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் ஊர்ப் பொதுவாழ்வின் கோணத்திலிருந்து பார்த்தால் இன்னொரு வரலாறு தென்படுகிறது, எனக்கு அதுவே முக்கியமானதாகப் படுகிறது. கவுன்டி அலுவலகங்களில் போய்ச் சண்டை போட்டுப் பழகிய சாதாரணக் குடிமக்கள்தான் இந்த வரம்பைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் சண்டை போட்ட களத்தையே அந்த வரம்பு கவுன்டியிடமிருந்து பிடுங்கி, மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குக் கொண்டுபோய்விட்டது.

பழைய ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் 58 கவுன்டிகள். ஒவ்வொன்றிலும் சொத்துகளுக்கு விலை போடும் மதிப்பீட்டு அதிகாரி மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். வரி விகிதத்தை நிர்ணயிப்பவர்கள் வேறு: கவுன்டியின் மேற்பார்வையாளர் குழு தனக்கென ஒரு விகிதம் வைக்கும், நகராட்சி தனக்கொன்று, பள்ளி மாவட்டம் தனக்கொன்று, தீயணைப்புக்கும் கொசு ஒழிப்புக்கும் ஏற்பட்ட சிறப்பு மாவட்டங்கள் தமக்கொன்று. வீட்டுக்காரர் கைக்கு வரும் வரிச்சீட்டு இவையெல்லாம் கூடிய மொத்தம். எழுபதுகளில் அது மாநிலச் சராசரியாகச் சந்தை மதிப்பில் ஏறத்தாழ 2.67 சதவீதமாக இருந்தது. நூலகத்துக்கு அதிகம் வேண்டும் என்று ஒரு கூட்டம் கேட்டால், அதற்கு எத்தனை சென்ட் கூடும் என்று இன்னொரு கூட்டம் அதே அறையில் எழுந்து கேட்கலாம். செலவும் வரியும் ஒரே மேசையில் இருந்தன. அந்த மேசை நேர்மையாக நடத்தப்பட்டதா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் பல இடங்களில் ‘இல்லை’ என்பதுதான்.

1965இல் சான் பிரான்சிஸ்கோவின் மதிப்பீட்டு அதிகாரி ரஸ்ஸல் வோல்டன் லஞ்ச வழக்கில் சிக்கினார். மறு ஆண்டு தண்டிக்கப்பட்டார். நிறுவனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அவற்றின் மதிப்பைக் குறைத்துப் போட்டார் என்பது குற்றச்சாட்டு. மாநிலச் சட்டமன்றம் கொதித்தெழுந்து 1966இல் ஒரு சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது: இனி எல்லாச் சொத்தையும், வீடோ ஆலையோ, சந்தை விலையில் 25 சதவீதம் என்ற ஒரே அளவில்தான் மதிப்பிட வேண்டும். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அதுவரை சான் பிரான்சிஸ்கோவில் வீடுகள் சந்தை விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கும், வணிகக் கட்டடங்கள் அதைவிட மிகக் கூடிய பங்குக்கும் மதிப்பிடப்பட்டு வந்தன. லஞ்சம் கொடுத்தவர்கள் அந்தக் கூடுதல் சுமையிலிருந்துதான் தப்பினார்கள். ஒரே அளவு என்றதும் வீட்டு வரி எகிறியது, வணிகர் வரி இறங்கியது. ‘பழைய ஊழல் அதிகாரியையே திரும்பக் கொண்டுவாருங்கள்’ என்ற வாசகத்தை மக்கள் காரின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டார்கள். தேர்தலில் நிற்க வேண்டிய அதிகாரி, ஓட்டுப் போடும் வீட்டுக்காரருக்குச் சத்தமில்லாமல் கொடுத்துவந்த சலுகை அது. சட்டப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை, ஆனால் குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. வரிக் கிளர்ச்சிகளை ஆராய்ந்த சமூகவியலாளர் ஐசக் மார்ட்டின், இந்த எழுதப்படாத பாதுகாப்பு பறிபோனதுதான் கிளர்ச்சியின் வேர் என்கிறார். அவர் சொல்வது சரியென்றே நினைக்கிறேன். அரசு பெருத்துவிட்டது என்ற கோபத்துக்கு முன்பே, இருந்த ஓர் உடன்பாட்டை யாரையும் கேட்காமல் முறித்துவிட்டார்கள் என்ற கோபம் இருந்தது.

எழுபதுகளின் நடுவில் வீட்டு விலை தாறுமாறாக ஏறியபோது அந்தக் கோபம் தீப்பிடித்தது. கணக்கு எளிது. 40,000 டாலர் வீட்டுக்கு 2.67 சதவீதம் என்றால் 1,068 டாலர். விலை இரட்டித்தால் 2,136. வீட்டுக்காரரின் சம்பளமோ ஓய்வூதியமோ இரட்டிக்கவில்லை. ஏறிய விலை அவர் பைக்குள் வரவும் இல்லை, விற்றால்தானே அது பணம். 1972இல் மாநிலம் உள்ளாட்சிகளின் விகிதத்துக்கு ஓர் உச்சவரம்பு போட்டிருந்தது. ஆனால் வசூலாகும் தொகைக்கு வரம்பில்லை. மதிப்பு ஏற ஏற, விகிதத்தைத் தொடாமலே கஜானா நிரம்பியது. மேற்பார்வையாளர்கள் விகிதத்தைக் கணிசமாக இறக்கியிருக்கலாம், பெரும்பாலோர் இறக்கவில்லை. இந்தப் பழியை அவர்கள் மேலிருந்து யாரும் துடைக்க முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி மதிப்பீட்டு அதிகாரி பிலிப் வாட்சன் 1968இலும் 1972இலும் வரி வரம்பு முன்மொழிவுகளை மாநில வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார், இரண்டும் தோற்றன. வரி எதிர்ப்புப் பிரசாரகரான ஹோவர்ட் ஜார்விஸ் பல ஆண்டுகளாகக் கையெழுத்துத் திரட்டித் திரட்டித் தோற்றுக்கொண்டிருந்தார். 1977இல் வீட்டுக்காரருக்கு நிவாரணம் தரச் சட்டமன்றம் எடுத்த முயற்சி சொந்தச் சண்டையில் முறிந்தது. அதற்குள் மாநில கஜானாவில் சுமார் 5 பில்லியன் டாலர் உபரி குவிந்துகொண்டிருந்தது. கையில் பணத்தை வைத்துக்கொண்டு இவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று மக்கள் நினைத்ததில் தவறென்ன? ஜார்விஸும் அவரைப் போன்ற இன்னொரு பிரசாரகரான பால் கேனும் சேர்ந்து பத்து லட்சத்துக்கும் மேலான கையெழுத்துகளோடு வந்தார்கள். வாக்கெடுப்புக்குச் சில வாரங்களுக்கு முன், 1978 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் புதிய மதிப்பீடுகள் வெளியாயின. பல வீடுகளுக்கு முன்பிருந்ததைப்போல் இரண்டு மடங்கு. அதன்பிறகு முடிவில் சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் என் வாதத்தின் மையம். உள்ளூர்ச் சொத்து வரி வருவாய் ஒரே அடியில் பாதிக்கும் கீழே போனது. லாஸ் ஏஞ்சலஸில் அந்த ஆண்டு கோடைகாலப் பள்ளிகள் நடக்கவில்லை. முன்மொழிவைக் கடுமையாக எதிர்த்திருந்த ஆளுநர் ஜெரி பிரவுன் மறுநாளே அதை நிறைவேற்றும் வேலையில் இறங்கி, மாநில உபரியை உள்ளாட்சிகளுக்குத் திருப்பிவிட்டார். பணம் சாக்ரமெண்டோவிலிருந்து வந்தால் நிபந்தனையும் அங்கிருந்துதான் வரும். அதைவிடக் கனமானது இன்னொன்று. கவுன்டி, நகராட்சி, பள்ளி எல்லோருக்கும் சேர்த்தே 1 சதவீதம்தான் என்றால் அதை யார் பங்கு போடுவது? சாசனத் திருத்தம், சட்டப்படி பிரித்துக்கொள்ளுங்கள் என்றது. சட்டம் போடுவது மாநிலம். 1979இல் வந்த சட்டம் பங்கீட்டை நிரந்தரமாக்கியது: 1978க்கு முன் யார் எவ்வளவு வசூலித்தார்களோ, ஏறத்தாழ அந்த விகிதத்தில் பங்கு. எழுபதுகளில் சிக்கனமாக இருந்து குறைந்த வரி போட்ட நகரம் குறைந்த பங்கோடு மாட்டிக்கொண்டது. தாராளமாக வரி போட்டது தாராளமாகப் பெற்றது. வரிச்சுமைக்கு எதிராக எழுந்த ஒரு இயக்கத்தின் பெயரால், சிக்கனமாக இருந்த ஊர்களுக்கே தண்டனை கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் மாநிலம் பணமுடையில் சிக்கியபோது, கவுன்டிகள், நகரங்களின் சொத்து வரிப் பங்கில் ஒரு பகுதியை எடுத்துப் பள்ளிகளுக்கு மாற்றி, தான் பள்ளிகளுக்குத் தர வேண்டியதைக் குறைத்துக்கொண்டது. ஊர்க்காரர் கட்டிய வரி எங்கே போக வேண்டும் என்பதை ஊர்க்காரர் தேர்ந்தெடுத்த குழுவால் தீர்மானிக்க முடியவில்லை.

இன்றும் மேற்பார்வையாளர் குழு கூடுகிறது. பட்ஜெட் விசாரணை நடக்கிறது, மக்கள் வரிசையில் நின்று ஆளுக்குச் சில நிமிடம் பேசுகிறார்கள். ஆனால் அந்த அறையில் இருப்பவர்கள் மாற்றக்கூடியது செலவின் பங்கீட்டை மட்டும். மருத்துவமனைக்குக் கூட்டினால் சிறைக்குக் குறைக்க வேண்டும். ‘இந்தச் சேவை எங்களுக்கு வேண்டும், அதற்கு இவ்வளவு தரத் தயார்’ என்று ஓர் ஊர் தன் சொத்து வரியைக் கொண்டு சொல்லும் உரிமை போய்விட்டது. நகரங்கள் வேறு வழி தேடின. வீடு கட்டினால் வரி வரம்புக்குள் சிக்கும், கார் விற்பனை வளாகமோ பெரிய அங்காடியோ வந்தால் விற்பனை வரி கிடைக்கும். ஆகவே குடியிருப்பைவிட அங்காடியை விரும்பும் திட்டமிடல் வளர்ந்தது. புதிய வீடுகள் மீது மேம்பாட்டுக் கட்டணங்கள் ஏறின. அந்தக் கட்டணங்களைக் கட்டியது இன்னும் ஊருக்குள் வராத, ஆகவே அங்கே ஓட்டே இல்லாத எதிர்காலக் குடியிருப்பாளர்.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது: இது மக்களே நேரடியாகப் போட்ட ஓட்டு, இதைவிடப் பெரிய குடிமைப் பங்கேற்பு எது? உண்மைதான், 1978இல் அது பங்கேற்பின் உச்சம். ஆனால் சட்டமன்றத்தில் வரியை ஏற்ற மூன்றில் இரண்டு பங்கு, உள்ளூர்ச் சிறப்பு வரிக்கு வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதியபோது, அந்தத் தலைமுறை தன் ஒரு ஓட்டுக்கு அடுத்த தலைமுறையின் இரண்டு ஓட்டின் எடையைக் கொடுத்துக்கொண்டது. நூற்றில் 60 பேர் கேட்டாலும் 40 பேரின் மறுப்பே செல்லும். 1996இல் வந்த முன்மொழிவு 218 உள்ளாட்சிகளின் பொது வரிகளையும் வாக்கெடுப்புக்கு உட்படுத்தியது, இதனால் பங்கேற்பு கூடியிருக்கிறது என்பார்கள். வாக்குச்சீட்டில் கேள்விகள் கூடியிருக்கின்றன என்பது சரி. ஒரு தனி வரிக்கு ஆம் அல்லது இல்லை என்று குறிப்பதும், ஊரின் வரவையும் செலவையும் ஒன்றாக வைத்துப் பேரம் பேசுவதும் ஒரே காரியமா?

இரண்டாவது மறுப்பை நான் முழு மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். வரம்பு வந்திராவிட்டால் நிலையான வருமானத்தில் வாழ்ந்த முதியவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். அந்தப் பயம் உண்மையானது, அதற்கு அன்றைய அரசியல்வாதிகள் காட்டிய அலட்சியம் மன்னிக்க முடியாதது. ஆனால் கொடுக்கப்பட்ட மருந்து முதியவரோடு நிற்கவில்லை. வாடகைக் கட்டட முதலாளிக்கும், அலுவலகக் கோபுரத்துக்கும், எண்ணெய் நிறுவனத்துக்கும் அதே பாதுகாப்பு. வீடு கைமாறுவதைப்போல் நிறுவனத்தின் நிலம் அடிக்கடி கைமாறுவதில்லை. 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த நார்ட்லிங்கர் வழக்கில் பதிவான கணக்கு இதைச் சொல்லும். லாஸ் ஏஞ்சலஸில் 1988இல் 1,70,000 டாலருக்கு வாங்கிய ஒரு சாதாரண வீட்டுக்கு ஆண்டு வரி சுமார் 1,700 டாலர். அதே பகுதியில் அதே மாதிரியான வீட்டில் 1975 முதல் இருந்தவர் கட்டியது 358 டாலர். மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் பெறும் ஒரு வீட்டின் பழைய உரிமையாளர் கட்டியதும் அந்தப் புது வீட்டுக்காரர் கட்டியதும் ஏறக்குறைய ஒன்று. நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் இந்த வேறுபாடு சாசனப்படி செல்லும் என்றது. இன்று சன்னிவேலிலும் ஃப்ரீமான்டிலும் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு அத்துபடி. பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவதைப்போல் பல மடங்கு கட்டிக்கொண்டே அவரோடு ஒரே பூங்காவில் நடக்கிறார்கள். ஒரே தெருவில் இருவருக்கு இரண்டு வரி என்றாகிவிட்டால், அந்தத் தெரு ஒன்றாகப் போய்க் கேட்க என்ன இருக்கிறது?

வரம்பே கூடாது என்பது என் கருத்தல்ல. 1980இல் மாசசூசெட்ஸ் வாக்காளர்களும் ஒரு வரம்பு போட்டார்கள்: ஓர் ஊரின் மொத்தச் சொத்து வரி வசூல் ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, புதுக் கட்டுமானத்தால் வரும் வருவாய் தனி. ஆனால் அந்த ஊரின் வாக்காளர்கள் சாதாரணப் பெரும்பான்மையில் வரம்பைத் தாண்ட அனுமதிக்கலாம். அதனால் அங்கே வரம்பு வந்த பிறகும், பள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமா வேண்டாமா என்ற வாக்குவாதம் ஊருக்குள்ளேயே நடக்கிறது. சில ஊர்கள் தாண்டுகின்றன, சில மறுக்கின்றன, மறுத்தவை மறுபடி கேட்கின்றன. மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டி அதே 1978இல் தன் சொந்தச் சாசனத்திலேயே மொத்த வசூலுக்கு வரம்பு எழுதியது. அது கழுத்தை நெரிக்கிறது என்று தெரிந்ததும் 1984இல் அந்தக் கவுன்டியின் வாக்காளர்களே அதைத் திருத்தி, தொகைக்குப் பதிலாக விகிதத்துக்கு வரம்பு வைத்தார்கள். பின்னர் முழுவதும் நீக்கலாம் என்ற யோசனை வந்தபோது மறுத்ததும் அவர்கள்தான். போட்ட கையே திருத்தவும் முடிந்தது.

கலிபோர்னியாவில் அப்படிச் செய்ய வழியில்லை என்பதை 2020 நவம்பர் காட்டியது. பெரிய வணிக, தொழிற்சாலைச் சொத்துகளை மட்டும் சந்தை விலைக்கு மதிப்பிட்டு, வரும் பணத்தைப் பள்ளிகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் தரலாம் என்று முன்மொழிவு 15 கேட்டது. வீடுகளை அது தொடவில்லை. 52க்கு 48 என்ற கணக்கில் தோற்றது. சான் பிரான்சிஸ்கோவிலும் அலமேடா கவுன்டியிலும் தெளிவான பெரும்பான்மை அதற்கு ஆதரவாக இருந்தது. ஆனால் தம் எல்லைக்குள் மட்டுமாவது அதை நடத்திப் பார்க்க அந்தக் கவுன்டிகளுக்கு அதிகாரம் இல்லை. வேண்டாம் என்ற உள்நாட்டுக் கவுன்டிகளுக்கும் வேண்டும் என்ற கடலோரக் கவுன்டிகளுக்கும் சாசனம் ஒன்றே. மாநிலம் முழுக்க மறுபடி கையெழுத்துத் திரட்டி, மறுபடி பெரும் பணம் செலவழித்து, மறுபடி ஒரே நாளில் எல்லோரிடமும் கேட்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வழி விடப்படவில்லை.