யார் பக்கத்து நோய்?

'மரபணு ஆலோசனை' என்ற பெயரை 1947இல் உருவாக்கியவர் அமெரிக்க மரபியலாளர் ஷெல்டன் ரீட். அவர் பணியாற்றிய, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டைட் நிறுவனம், சார்லஸ் டைட் என்ற மருத்துவர் விட்டுச்சென்ற சொத்தில் உருவானது. 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறக் கூடாது என்று பிரசாரம் செய்தவர் டைட். 1925இல் அம்மாநிலத்தில் கருத்தடைச் சட்டம் வரப் பாடுபட்டார். 1933இல் ஹிட்லரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அச்சட்டத்தின்படி அறுவைக்கு உட்படுத்தப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். என் தொழிலின் பெயர் பிறந்த வீடு இதுதான்.

ரீட் அந்தப் பழைய வாடையிலிருந்து விலக விரும்பினார். தாம் செய்வது ஒருவகைச் சமூகப்பணி என்றார். முடிவு குடும்பத்தினுடையது என்றார். குடும்பத்துக்குள் அந்த முடிவு யாருடையது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

1969இல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் இதற்கான முதல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியவர் மெலிஸா ரிக்டர். குடும்பப் பொறுப்புகளால் படிப்பை விட்ட பெண்கள் மீண்டும் படிக்கவும் வேலைக்குப் போகவும் வழி வேண்டும் என்று நினைத்தவர் அவர். பெண்கள் கட்டி எழுப்பிய தொழிலாக இது மாறியது அங்கிருந்துதான்.

இந்தியாவுக்கு இந்த அறிவியல் வந்த வழி வேறு. குறைபாடுகளைக் கண்டறிய 1970களில் டெல்லியில் தொடங்கிய பனிக்குட நீர்ப் பரிசோதனை, விரைவிலேயே பெண் கருவைத் தேடி அழிக்கும் கருவியானது. பெண்கள் அமைப்புகள் போராடின. மகாராஷ்டிரம் 1988இல் சட்டம் இயற்றியது; 1994இல் மத்தியச் சட்டம் வந்தது. மரபணு ஆலோசனை மையங்கள் பதிவு பெற வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான். கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்கக் கூடாது என்கிறது அது. ஆக, இங்கே என் தொழிலைச் சட்டம் முதலில் அடையாளம் கண்டது, நான் எதைச் சொல்லக் கூடாது என்பதை வைத்து.

சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பரிசோதனை முடிவோடு வரும் குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது யார் பக்கத்துலேருந்து வந்துச்சு?" என்பது. கேட்கும்போதே எல்லாருடைய பார்வையும் மருமகள் மீது இருக்கும். தலசீமியா போன்ற நோயில் தாய், தகப்பன் இருவருமே மாறிய மரபணுவைச் சுமப்பவர்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் ஊரில், 'இரண்டு பக்கம்' என்பதே பல நேரம் ஒரே வீடு. இதைத் தாளில் வட்டமும் சதுரமுமாக வரைந்து காட்டுவேன். பழி அங்கே பாதியாகக் குறையும். பிறகு அவளிடம் மட்டும் தனியாகப் பேச நேரம் கேட்பேன்.

ஆலோசகர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று பாடநூல் சொல்கிறது. மாமியாரும் கணவனும் பேசி முடித்த அறையில் நான் மௌனமாக இருந்தால், அந்த நடுநிலை அவர்கள் பக்கம்தான் சாயும். ஒரு காலத்தில் அரசு பெண்ணின் கருப்பையைக் கேட்காமல் முடிவெடுத்தது. குடும்பம் அதையே செய்யும்போது, அதைத் தேர்வு என்று என்னால் எழுதி வைக்க முடியாது.