வார்ப்பின் வெப்பக் கணிப்பில் பிழை பிறக்கும் இடம்

இரும்பு அச்சில் ஊற்றிய உருகிய அலுமினியம் எங்கே முதலில் உறையும், எங்கே கடைசியாக உறைந்து சுருக்கக் குழி விழும் என்பதை முன்கூட்டிச் சொல்வதே வார்ப்புக்கான எண்சார் கணிப்பின் வேலை. அதன் அடித்தளம் 1822-இல் ஃபூரியே நூலாக வெளியிட்ட வெப்பக் கடத்தல் கோட்பாடு, அதில் ஐயமில்லை. பெரும்பிழைகள் பிறப்பது வேறு இரண்டு இடங்களில்: உள்ளுறை வெப்பத்தைக் கணக்கில் சேர்க்கும் முறையில், உலோகமும் அச்சும் தொட்டுக்கொள்ளும் பரப்பில். கணிப்புக்காக வார்ப்பைப் பிரிக்கும் வலைக்கண்ணை நுணுக்குவதால் மட்டும் இவை தீர்வதில்லை.

வலையை நுணுக்குவது செலவு மிக்கது. அலுமினியத்தின் வெப்ப விரவுத்திறன் நொடிக்கு ஏறத்தாழ 100 சதுர மில்லிமீட்டர். ஒரு பரிமாணத்தில், வெளிப்படை முறையில், 1 மி.மீ. இடைவெளிக்குக் காலப்படி 0.005 நொடியைத் தாண்டினால் விடை நிலைகுலையும். இடைவெளியைப் பாதியாக்கினால் காலப்படி நான்கில் ஒன்றாகும்; கணக்கு வேலை எட்டு மடங்காகும்.

ஒரு கிலோ தூய அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உறையும்போது ஏறத்தாழ 397 கிலோஜூல் வெளிப்படுகிறது. அதே திரவத்தை ஒரு பாகை குளிர்விக்க 1.2 கிலோஜூல் அளவே நீக்க வேண்டும். ஆகவே உறைதல் என்பது 300 பாகைக்கு மேல் குளிர்வதற்கு ஈடான வெப்பத்தை வெளியேற்றுவது. இவ்வெப்பத்தை 659-க்கும் 661-க்கும் இடையில் உயர்த்திய தன்வெப்பமாகப் புகுத்துவது ஒரு வழி. ஆனால் ஒரு கண்ணின் வெப்பநிலை ஒரே காலப்படியில் 664-இலிருந்து 655-க்குத் தாவினால் அந்த வெப்பம் முழுவதும் கணக்கிலிருந்து நழுவிவிடும். வார்ப்பு உண்மையைவிட விரைவில் உறைந்ததாக விடை வரும். வெப்பநிலைக்குப் பதில் என்தால்பியை (உள்ளுறை வெப்பமும் சேர்ந்த மொத்த வெப்ப உள்ளடக்கத்தை) முதன்மை மாறியாகக் கொள்ளும் முறையில் ஆற்றல் இவ்வாறு தொலைவதில்லை.

இரண்டாம் சிக்கல் இதைவிடக் கடினமானது. உறையும் உலோகம் சுருங்குகிறது. சூடேறும் அச்சு விரிகிறது. இடையே காற்றிடைவெளி திறக்கிறது. சூடான காற்றின் கடத்துதிறனை மீட்டருக்கு, பாகைக்கு 0.05 வாட் எனக் கொண்டால், 0.1 மி.மீ. இடைவெளி சதுர மீட்டருக்கு, பாகைக்கு 500 வாட் அளவே கடத்தும். உலோகத்தின் கடத்துதிறன் மீட்டருக்கு, பாகைக்கு 200 வாட்டை ஒட்டியது. 10 மி.மீ. தடிமனுக்குப் பயோட் எண் (உலோகத்தின் உள்தடைக்கும் பரப்பின் தடைக்கும் உள்ள விகிதம்) 0.025 ஆகிறது. அதாவது உலோகத்துக்குள் வெப்பநிலை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். தடையின் பெரும்பகுதி அந்த மெல்லிய காற்றுப் படலத்தில்தான். இடைவெளியின் மதிப்பு இருமடங்கு பிழையானால் உறையும் நேரமும் ஏறத்தாழ இருமடங்கு பிழையாகும். உலோகத்துக்குள் எத்தனை கண்கள் இருந்தாலும் அப்பிழை குறையாது.

மணல் அச்சில் நிலைமை வேறு. 20 மி.மீ. மணல் அடுக்கு கடத்துவது சதுர மீட்டருக்கு, பாகைக்கு 30 முதல் 50 வாட் அளவே. அங்கே தடை மணலில் இருப்பதால் காற்றிடைவெளி பின்னுக்குப் போகிறது. உறையும் நேரம் கனஅளவுக்கும் பரப்புக்கும் உள்ள விகிதத்தின் இருபடிக்கு நேர்விகிதமாகும் என்ற குவோரினோவின் 1940-ஆம் ஆண்டு விதி மணல் வார்ப்பில் நன்கு பொருந்துவது இதனால்தான். எனவே தடை எங்கே உள்ளது என்று முதலில் கண்டு, கணிப்பின் நுட்பத்தை அங்கே செலவிட வேண்டும்.

பரப்பின் கடத்தல் கெழுவைக் கோட்பாட்டிலிருந்து மட்டும் பெறுவது அரிது. அச்சுக்குள் புதைத்த வெப்ப இரட்டைகளின் அளவீட்டிலிருந்து நேர்மாறு கணக்கால் அதைப் பெறுகிறார்கள். பரப்பிலிருந்து ஆழம் கூடக்கூடச் சைகை மங்குகிறது. அளவீட்டின் சிறு இரைச்சலும் விடையில் பெரிதாகிறது. ஆகவே உணரியைப் பரப்புக்கு இயன்றவரை அருகில் வைக்க வேண்டும். கெழுவைப் பொருத்தப் பயன்படுத்திய அளவீட்டைக் கொண்டே கணிப்பைச் சரிபார்ப்பது சோதனையாகாது. அதற்கு வேறோர் இடத்தில் தனியே எடுத்த அளவீடு வேண்டும்.