கைம்பெண்கள் விற்ற சுவடிகள்

இறையியல் நம்பிக்கைக்குள் நின்று பேசுவது, சமயவியல் வெளியே நின்று ஆராய்வது என்று வகுப்பில் பிரித்துச் சொல்கிறோம். ஐரோப்பாவில் இந்தப் பிரிவினை உறுதிப்பட்டது 19ஆம் நூற்றாண்டில்தான். 1870இல் மாக்ஸ் முல்லர் லண்டனில் சமய அறிவியல் குறித்து உரைகள் நிகழ்த்தினார். தரங்கம்பாடியிலிருந்து பார்த்தால் அந்தக் கோடு அவ்வளவு நேராகத் தெரிவதில்லை.

சீகன்பால்கு 1706இல் அங்கே வந்திறங்கியது மதம் மாற்றத்தான். எதிலிருந்து மாற்றுவது என்று தெரிய வேண்டுமே! தமிழ் கற்றார், சுவடி சேர்த்தார், கற்றறிந்தவர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். ஹாலேயிலிருந்த அவருடைய மேலிடம் அதை அச்சேற்றவில்லை. புறச்சமயத்தை ஒழிக்கப் போனவர் அதைப் பரப்புவதா என்று அவர்கள் கருதியதாகச் சொல்வார்கள். நூல் அச்சானது 1867இல், சென்னையில். எழுதியவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டாகப் போகிற நேரம்.

அந்த நூலில் கிராம தேவதைகளுக்குத் தனிப் பகுதியே உண்டு. எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி, பத்ரகாளி என்று பெரும்பாலும் பெண் தெய்வங்கள். தெய்வம் பெண்ணாக இருந்தும் விளக்கம் கேட்கப்பட்டது ஆண்களிடம். பெண்கள் இந்த வரலாற்றுக்குள் வருவது வேறொரு வாசல் வழியாக. சீகன்பால்கு தம் எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பிச் சுவடிகள் வாங்கினார். இறந்துபோன பிராமணர்களின் மனைவிமார் அவற்றைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். எந்த நெருக்கடியில் விற்றார்கள், அவற்றில் எதையேனும் வாசித்திருந்தார்களா? நூல்களுக்குப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை.

இருநூறு ஆண்டுகள் கழித்து, சென்னையின் ஆங்கிலிக்கன் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பலி, கரகம், திருவிழா என்று ஊர் ஊராக நுணுக்கமான விவரங்கள். மானிடவியலாளர்கள் இன்றும் எடுத்தாளும் நூல் அது. அதன் கடைசிப் பகுதியில் பேராயர் இந்த வழிபாட்டின் ஒழுக்கப் பயனை எடைபோட உட்கார்ந்துவிடுகிறார். ஒரே அட்டைக்குள் இரண்டு துறைகள்! எனக்கு இந்த வெளிப்படைத்தன்மை பிடிக்கிறது. நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் ஆய்வேடுகளில் தீர்ப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

அம்மன் கோயில்களுக்குக் களஆய்வுக்குப் போகும் என் மாணவிகள் முதலில் பூசாரியிடமும் தர்மகர்த்தாவிடமும்தான் பேசுகிறார்கள். முளைப்பாரி வளர்த்தவர், தீச்சட்டி எடுத்தவர், அருள் வந்து ஆடியவர் எல்லோரும் 'பக்தைகள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போகிறார்கள். அடுத்த ஆண்டுக்கான வினாப்பட்டியலில் முதல் கேள்வியை மாற்றியிருக்கிறோம்: இந்த அம்மனைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னார்கள்? 'எங்கம்மா' என்று பதில் வந்தால், அந்த அம்மாவின் பெயரையும் எழுத வேண்டும்.