சொன்ன சொல்லைக் காப்பாற்றிய நாடு: 1998-ம் முதலீட்டாளர் நம்பிக்கையும்

வெளிநாட்டு முதலீடு ஏன் மலேசியாவுக்கு வந்தது? இப்படிக் கேட்டால் மாணவர்கள் மலிவான கூலி, நல்ல துறைமுகம், வரிச்சலுகை என்று மூன்றை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் மலிவான கூலியும் துறைமுகமும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் இருந்தன. நான்காவது ஒன்றைச் சேர்க்க வேண்டும்: அரசின் சொல் மீது இருந்த நம்பிக்கை.

இந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப்பட்டது. 1957-இல் மலாயா காட் எனும் உலக வாணிப உடன்பாட்டில் சேர்ந்தது. 1958-இல் முன்னோடித் தொழில் சட்டம் வரிவிலக்கைச் சட்டமாகவே எழுதி வைத்தது. 1966-இல், முதலீட்டாளருக்கும் அரசுக்கும் தகராறு வந்தால் அனைத்துலக நடுவர் மன்றத்துக்குப் போக வழிசெய்யும் ஒப்பந்தத்தை மலேசியா உறுதிப்படுத்தியது. அதாவது, நாளைக்கு மனம் மாறினாலும் சொல் மாற முடியாதபடி அரசு தன் கையைத் தானே கட்டிக்கொண்டது. இந்த அடித்தளத்தின் மேல்தான் 1972-இல் சுங்கைவே தடையற்ற வாணிப மண்டலம் எழுந்தது. தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள்.

உண்மையான சோதனை 1998-இல் வந்தது. 1997 நடுவில் ஏறக்குறைய 2.50 ரிங்கிட்டாக இருந்த அமெரிக்க டாலர், 1998 ஜனவரியில் 4.80-ஐயும் தாண்டியது. செப்டம்பர் 1-ஆம் தேதி பேங்க் நெகாரா மூலதனக் கட்டுப்பாட்டை அறிவித்தது. மறுநாள் டாலர் 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தப்பட்டது. பங்குச் சந்தையில் போட்ட அந்நியப் பணம் 12 மாதம் வெளியே போகக்கூடாது. நம்ம ஆட்கள் ஊருக்குப் போகும்போதுகூட 1,000 ரிங்கிட்டுக்கு மேல் ரொக்கமாகக் கொண்டுபோக முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். தொழிற்சாலை நடத்துகிறவர்களின் லாபமும் பங்காதாயமும் தடுக்கப்படவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றுமதியும் இறக்குமதியும் தொடர்ந்தன. குறுகிய காலப் பணத்துக்குத்தான் பூட்டு. நீண்டகால முதலீட்டுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் எம்.எஸ்.சி.ஐ. பங்குக் குறியீட்டிலிருந்து மலேசியா நீக்கப்பட்டது; 2000 மே மாதம்தான் திரும்பச் சேர்க்கப்பட்டது. 1999-இல் 1 பில்லியன் டாலர் கடன்பத்திரம் விற்றபோது வட்டி கூடுதலாகவே கொடுக்க நேர்ந்தது. ஆனால் 1999 பிப்ரவரியில் அரசு பூட்டைத் தளர்த்தி, அதற்குப் பதில் வெளியேறும் பணத்துக்கு வரி போட்டது. செப்டம்பரில் ஓராண்டு முடிந்தபோது பணம் மொத்தமாக ஓடிவிடும் என்று பலர் பயந்தார்கள், அப்படி நடக்கவில்லை. 3.80 என்ற விகிதம் 2005 ஜூலை 21 வரை நின்றது.

ஆக, 1998 நம்பிக்கையைக் கெடுத்ததா, வளர்த்ததா? தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் இரண்டு பக்கமும் எழுதுங்கள். பங்கு முதலீட்டாளருக்கு அது விதி மாறிய ஆண்டு. தொழிற்சாலை முதலாளிக்கோ, நெருக்கடியிலும் விதி மாறாத ஆண்டு. அரசின் சொல்லுக்கு மதிப்பு நல்ல காலத்தில் தெரியாது. கஷ்டகாலத்தில் யாருக்குக் கொடுத்த வாக்கு நிற்கிறது என்பதில்தான் தெரியும்.